கொட்டைக்கு விலை, பழத்துக்குக் குழி

மாம்பழத்தின் சதையை உண்டு கொட்டையை எறிவது வழக்கம். பலாவில் சுளையும் உணவு, கொட்டையும் உணவு. காப்பியில் இந்த முறை தலைகீழாகிறது. கொட்டைக்காகவே செடி வளர்க்கப்படுகிறது. கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவந்த, இனிப்பான பழம் எறியப்படுகிறது. 'காப்பிக்கொட்டை' என்ற சொல் தமிழில் எல்லா வீடுகளிலும் புழங்குகிறது. 'காப்பிப் பழம்' என்ற சொல்லைத் தோட்டத்துக்கு வெளியே கேட்பது அரிது. நாள்தோறும் இருவேளை காப்பி குடிக்கும் நகரவாசிகளில் பலர் அது ஒரு பழத்தின் விதை என்பதையே எண்ணிப் பார்த்ததில்லை. சொல் வழக்கில் இல்லாத பொருள் கணக்கிலும் இல்லாமல் போகிறது.

ஏமனிலிருந்து பாபா புதன் ஏழு விதைகளைச் சிக்கமகளூரு மலைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபுக்கதை. அக்கதையிலும் வந்தவை விதைகளே. பழத்தோலை என்ன செய்வது என்ற அறிவு அவற்றோடு கடல் கடந்து வரவில்லை. ஏமனில் உலர்ந்த காப்பிப் பழத்தோலை இஞ்சி முதலியவற்றோடு காய்ச்சிக் 'கிஷிர்' என்னும் பானமாகப் பருகுவது பழைய வழக்கம். இன்று உலகச் சந்தையில் அதே தோல் 'காஸ்காரா' என்ற ஸ்பானியப் பெயரோடு விற்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உலர்ந்த காப்பிப் பழச்சதையை உணவுப் பொருளாக அனுமதித்தது. ஒரே பொருள் ஓர் ஊரில் பானம், இன்னோர் ஊரில் கழிவு. கழிவு என்பது பொருளின் இயல்பன்று. அது மனிதர் அப்பொருளுக்கு இட்ட பெயர்.

அப்பெயர் இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. மாற்றத்தைக் கொண்டுவரும் துறைகளுள் ஒன்று தோல் பராமரிப்பு. காப்பிப் பழச் சாரம் சேர்ந்த முகப்பூச்சுகள், காப்பித் தோல் பொடி கலந்த தேய்ப்பான்கள், காப்பி எண்ணெய் சேர்ந்த சோப்புகள் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றை விற்பவர்கள் இரண்டு கூற்றுகளை ஒரே மூச்சில் சொல்கிறார்கள்: இது தோலுக்கு நல்லது; இது சுற்றுச்சூழலுக்கும் நல்லது. இவ்விரு கூற்றுகளும் வேறு வேறானவை. ஒன்று மெய்யாவதால் மற்றது மெய்யாகிவிடாது. இரண்டையும் பிரித்து எடைபோடுவதற்கு மைசூரைவிடப் பொருத்தமான நகரம் இந்தியாவில் அரிது.

காரணங்கள் வெளிப்படையானவை. இந்தியக் காப்பியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தரும் கர்நாடகத்தின் மூன்று மாவட்டங்களான குடகு, சிக்கமகளூரு, ஹாசன் ஆகியவை மைசூருக்கு மேற்கிலும் வடமேற்கிலும் சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளன. 1950 முதல் மைசூரில் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் காப்பியின் துணைப்பொருள்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அந்நிறுவனத்தின் புஷ்பா எஸ். மூர்த்தி, எம். மாதவ நாயுடு ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட மதிப்பாய்வுக் கட்டுரை, பழச்சதை, தொலி, வெள்ளித்தோல், வடித்த சக்கை ஆகியவற்றை என்னென்ன செய்யலாம் என்பதைத் தொகுத்துக் காட்டியது. துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. காப்பி வாரியத்தின் திசு வளர்ப்பு, உயிரித் தொழில்நுட்பப் பிரிவும் மைசூரிலேயே உள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, மைசூர் குடிப்பது காவிரி, கபினி ஆறுகளின் நீர். குடகுத் தோட்டங்களிலிருந்து ஓடை வழியே வருவது எதுவாயினும் அது இந்நகரத்தின் கவலை. மேட்டூருக்குக் கீழே வாழும் தமிழரின் கவலையும் அதுவே.

முதலில் பழத்தை அறிந்துகொள்ள வேண்டும். வெளியே தோல், அதனுள் சதை, அதனுள் பெக்டின் நிறைந்த வழுவழுப்பான படலம், பிறகு காகிதம்போன்ற ஓடு, அதனுள் மெல்லிய வெள்ளித்தோல், கடைசியில் கொட்டை. ஈரமுறையில் பழத்தைப் பல்ப்பரில் இட்டுத் தோலையும் சதையையும் உரித்துவிட்டு, வழுவழுப்பை நொதிக்கவைத்துக் கழுவி, ஓட்டோடு உலர்த்துவர். இதைத் தோட்டத்தார் பார்ச்மென்ட் என்பர். உலர்முறையில் பழத்தை முழுதாகவே களத்தில் காயவைப்பர். இது செர்ரி எனப்படும். ஈரமுறையின் எச்சம் ஈரமான பழச்சதை. அது தோட்டத்திலேயே தங்கிவிடுகிறது. உலர்முறையின் எச்சம் காய்ந்த தொலி; அது ஹாசன், சிக்கமகளூரு, குஷால்நகர் போன்ற ஊர்களின் காப்பிப் பதப்படுத்தும் ஆலைகளில் குவிகிறது. வெள்ளித்தோல் பெரும்பாலும் வறுக்கும் ஆலையில் உதிர்கிறது. இம்மூன்றையும் 'காப்பிக் கழிவு' என்று ஒரே சொல்லால் குறிப்பது முதல் பிழை. வேதியியலும் வேறு, கிடைக்கும் இடமும் வேறு, ஆபத்தும் வேறு.

பழுத்த காப்பிப் பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்த ஈரச் சதையே. சந்தைக்குச் செல்லும் ஒரு கிலோ கொட்டைக்கு இரண்டு கிலோ சதை எஞ்சுகிறது. பழுக்கும் காலம் குளிர்காலம். பல்ப்பர்கள் ஓடும் திசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் மழை நின்று ஓடைகள் மெலிந்திருக்கும். சர்க்கரையும் பெக்டினும் நிறைந்த கழுவுநீர் ஓடையில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. வீட்டுக் கழிவுநீரின் உயிர்வழி ஆக்சிஜன் தேவை லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். பல்ப்பர் கழிவுநீருக்கு அது பல ஆயிரம். மீன் சாவதற்கு நஞ்சு தேவையில்லை, மிகையான இனிப்பே போதும். இதை உணர்ந்த தோட்டங்கள் பல, நீரைத் தொட்டிகளில் தேக்கிச் சுத்திகரிக்கின்றன. சதையைக் குழியிலிட்டு எருவாக்கிச் செடிக்கே திருப்புகின்றன. பொட்டாசியம் மிகுந்த அந்த எரு வீணன்று. ஆகவே அழகுசாதனத் துறை 'வீணாய்ப் போவதை மீட்கிறோம்' என்று சொல்லும்போது, சில தோட்டங்களில் அது மண்ணுக்குரியதை எடுத்துச் செல்கிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இனித் தோலைப் பற்றிய கூற்று. காப்பிச் சதையில் குளோரோஜெனிக் அமிலம், கஃபீன், டானின்கள், சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின் ஆகியவை உள்ளன. சோதனைக்குழாயில் குளோரோஜெனிக் அமிலம் வலிமையான ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனைக்குழாய்க்கும் கன்னத்துக்கும் இடையே தோலின் மேலடுக்கு இருக்கிறது. பொருள்களை உள்ளே விடாமல் தடுப்பதே அதன் வேலை. மூலக்கூற்று எடை ஏறத்தாழ 500க்கு மேற்பட்ட பொருள்கள் நலமான தோலை எளிதில் ஊடுருவா என்பது 2000இல் முன்வைக்கப்பட்டு இன்றும் வழிகாட்டியாக விளங்கும் விதி. கஃபீனின் எடை 194. அது தோலை நன்கு ஊடுருவுவதால் ஊடுருவல் சோதனைகளுக்கே அதை மாதிரிப் பொருளாகப் பயன்படுத்துகிறார்கள். குளோரோஜெனிக் அமிலத்தின் எடை 354. எடை தடையன்று, நீரை நாடும் இயல்பே தடை. காப்பிப் பழத்தின் முதன்மையான ஆந்தோசயனின் 500ஐத் தாண்டிவிடுகிறது. எனவே 'காப்பிப் பழச் சாரம் உண்டு' என்ற ஒற்றை வரி எதையும் மெய்ப்பிப்பதில்லை. எந்தச் சேர்மம், எவ்வளவு, எவ்வகைப் பூச்சில், எவ்வளவு நேரம் என்பனவே வினாக்கள்.

சோப்பை எடுத்துக்கொண்டால் வினா இன்னும் கூர்மையாகிறது. மரபான சோப்பு காரத்தன்மை உடையது. காரத்தில் குளோரோஜெனிக் அமிலம் விரைவாக ஆக்சிஜனேற்றமடைந்து பழுப்பாகிறது; ஆந்தோசயனின் நிறம் மாறிச் சிதைகிறது. எஞ்சியது எதுவாயினும் அரை நிமிடத்தில் நீரோடு போய்விடுகிறது. காப்பிப் பழச் சோப்பு நல்ல சோப்பாக இருக்கலாம். அதன் நலம் பழத்தால் வந்ததென்று சொல்ல இடமில்லை. இதற்கு மாறாக, காய்ந்த தொலியைப் பதமாக அரைத்துத் தேய்ப்பானில் சேர்ப்பது அடக்கமான, ஆனால் நேர்மையான பயன். கடலில் சேரும் நெகிழி மணிகளைக் கழுவிவிடப்படும் அழகுசாதனங்களில் சேர்ப்பதைத் தடைசெய்து அமெரிக்கா 2015இல் சட்டம் இயற்றியது. மட்கக்கூடிய தாவரத் துகள் அவ்விடத்தை நிரப்புவது பொருந்தும். அங்கே தொலி செய்ய வேண்டிய வேலை உரசுவது மட்டுமே. அதை அது செய்யும்.

மாட்ரிடு நகர ஆய்வாளர்கள் 2016இல் வெள்ளித்தோல் சாரத்தை மனிதத் தோல் உயிரணு வளர்ப்புகளிலும் நுண்புழுக்களிலும் சோதித்து நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். போர்த்துக்கல்லின் போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் அதே சாரத்தைத் தன்னார்வலர்களின் தோலில் வைத்துப் பாதுகாப்பைச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. இவை மதிக்கத்தக்க படிகள். ஆனால் 'தீங்கில்லை' என்பதற்கும் 'சுருக்கத்தை நீக்கும்' என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அமெரிக்காவில் 2007இல் விற்பனைக்கு வந்த, காப்பிப் பழச் சாரம் கொண்ட முகப்பூச்சு ஒன்றில் பயன்பட்டது முழுப் பழத்தின் சாரம். பல்ப்பர் உமிழ்ந்த எச்சமன்று. அதாவது, பெட்டியின்மேல் 'காப்பிப் பழம்' என்றிருப்பதால் உள்ளே இருப்பது மீட்கப்பட்ட துணைப்பொருள் என்று கொள்ளவும் முடியாது. மாணவர்கள் வீட்டிலுள்ள 'காப்பி' முகப்பூச்சின் மூலப்பொருள் பட்டியலைப் படித்துப் பார்க்கலாம். அங்கே குறிக்கப்பட்டிருப்பது விதையா, பழமா, விதை எண்ணெயா என்பதைப் பட்டியலே சொல்லிவிடும்.

இனிச் சுற்றுச்சூழல் பற்றிய கூற்று. இதற்கு வேதியியல் வேண்டாம், பெருக்கல் போதும். 100 ஏக்கர்த் தோட்டம் ஒன்று ஏக்கருக்கு 300 கிலோ கொட்டை தருவதாகக் கொள்வோம். மொத்தம் 30 டன் கொட்டை. எஞ்சும் சதை 60 டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர். உலர்ந்தால் 12 டன். அதிலிருந்து பத்தில் ஒரு பங்கு சாரம் கிடைப்பதாக வைத்தால் 1.2 டன். முகப்பூச்சில் 1 விழுக்காடு சேர்த்தால் 120 டன் பூச்சு. 50 கிராம் டப்பாக்களாக்கினால் 24 லட்சம். ஒரே ஒரு நடுத்தரத் தோட்டத்தின் ஓராண்டுச் சதை 24 லட்சம் டப்பாக்களுக்குப் போதும். இந்தியாவின் ஆண்டு விளைச்சலோ ஏறத்தாழ மூன்றரை லட்சம் டன் கொட்டை. மேலும், சாரம் எடுத்த பின் 12 டன்னில் 10.8 டன் சக்கையாக அப்படியே இருக்கிறது. அழகுசாதனம் காப்பிக் கழிவைத் தீர்க்காது. தீர்ப்பதாகச் சொல்வது கணக்கறியாமை, அல்லது விளம்பரம்.

அப்படியானால் இந்த முயற்சியே வேண்டாமா? அந்த முடிவும் தவறு. அழகுசாதனத்தின் வலிமை அளவில் இல்லை, விலையில் உள்ளது. சதையை எரு ஆக்கினால் கிடைப்பது சிறு சேமிப்பு; ஓடையில் விட்டால் கிடைப்பது செலவின்மை. ஓடையில் விடாமல் இருப்பதற்குத் தொட்டி, களம், ஆள்கூலி எல்லாம் தேவை. அச்செலவைத் தாங்கக்கூடிய உயர்விலைப் பயன் ஒன்று இருந்தால், சிறு பகுதியின் விலை முழுக் குவியலையும் முறைப்படுத்தும். சாரம் முதலில், பெக்டின் அடுத்து, சாண எரிவாயு போன்ற எரிவாயு அதன்பின், எஞ்சிய சக்கை எருவாக மண்ணுக்கு என்ற அடுக்குமுறையில் அழகுசாதனம் உச்சியில் இருக்கும் சிறு படி. உச்சியை மட்டும் கட்டிவிட்டுக் கோபுரம் எழுந்துவிட்டதாகச் சொல்வதே கண்டிக்கத்தக்கது.

ஆனால் இந்த நியாயம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: அந்த விலை தோட்டத்தைச் சென்றடைய வேண்டும். சென்றடையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைசூர் தன் வரலாற்றிலேயே பாடம் வைத்திருக்கிறது. முதல் உலகப்போரால் சந்தனக் கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப இயலாமல் போனபோது, நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசும் திவான் விசுவேசுவரய்யாவும் கட்டையிலிருந்து எண்ணெயை உள்நாட்டிலேயே வடிக்க முடிவு செய்தார்கள். அதிலிருந்து பிறந்தது மைசூர் சந்தன சோப்பு. மூலப்பொருளாக ஏற்றுமதியானது, ஆய்வுக்கூடத்தின் துணையால் உள்ளூரிலேயே அழகுசாதனமாயிற்று. காப்பிப் பழத்துக்கு இதைவிட நல்ல முன்னோடி இல்லை.

அதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த அரசுரிமை பின்னும் தொடர்ந்தது. உழவரின் நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அவருடையதன்று. காக்கும் பொறுப்பு மட்டும் அவருடையது. கன்றைக் கண்டால் பிடுங்கி எறிவதே பலருக்கு அறிவான செயலாயிற்று. கர்நாடகம் 2001இல் சட்டத்தைத் திருத்தி மரத்தின் உரிமையை நிலத்தாருக்கு அளித்தபோது இயற்கைச் சந்தனம் பெரிதும் அழிந்திருந்தது. விலைமிக்க பொருளில் விளைவிப்பவருக்குப் பங்கில்லை என்றால், அவர் அப்பொருளைக் காக்கமாட்டார். காப்பிப் பழத்துக்கும் இது பொருந்தும். சாரத்தின் விலை ஆலையிலும் விளம்பரத்திலும் தங்கிவிட்டால், சதை மீண்டும் ஓடைக்கே போகும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தியக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு உடைமையாளர்கள். ஈரச் சதை ஓரிரு நாளில் புளித்துவிடும். கொட்டை காயவே களம் போதாத அறுவடைக் காலத்தில் சதையைக் காயவைக்க இடம் எங்கே, ஆள் எங்கே? ஆலைகளில் காய்ந்து கிடக்கும் தொலியை எடுத்துக்கொள்வது எளிதன்றோ? எளிதுதான். ஆனால் மெதுவாகக் காய்ந்த தொலியில் பூஞ்சை பிடிக்கலாம். ஓக்ராடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு சேரலாம். நெடுநாள் வெயிலில் கிடந்ததில் பாலிஃபீனால்கள் குறைந்திருக்கும். இலைத்துரு நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையின் செம்பும் பிற மருந்துகளின் எச்சமும் தோலில் ஒட்டியிருக்கலாம். தூக்கி எறியும் பொருளை யாரும் தூய்மை கருதிக் கையாள்வதில்லை. முகத்தில் பூசத் தகுந்த மூலப்பொருளாக அது ஆக வேண்டுமானால், பழம் பறித்த நாளிலிருந்தே அது மூலப்பொருளாக நடத்தப்பட வேண்டும். அதற்குக் கூட்டுறவு அடிப்படையில் சில ஊர்களுக்கு ஒரு பொது உலர்த்தி, தொகுதிவாரியான சோதனை, எடைக்கு முன்கூட்டியே அறிவித்த விலை ஆகியவை தேவை. பழம் பறிப்போரும் பல்ப்பரில் நிற்போரும் யாரென்பதும் மறக்கத்தக்கதன்று. எரவர் போன்ற பழங்குடியினரும் தமிழ்நாட்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளரும் செய்யும் வேலை அது. சதையைப் பிரித்துக் காயவைப்பது அவர்களுக்குக் கூடுதல் வேலை. கூடுதல் கூலியில்லாத கூடுதல் வேலையை 'நிலைத்த வளர்ச்சி' என்று அழைக்க முடியாது.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் இருக்கும் பணி பெரிது. காப்பிச் சதையில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் இருப்பதை இன்னும் ஒருமுறை நிறுவும் கட்டுரை தேவையில்லை, அது நிறுவப்பட்டுவிட்டது. தேவைப்படுபவை வேறு. குடகின் ரொபஸ்டா, சிக்கமகளூருவின் அராபிகா ஆகியவற்றின் சதை எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு குளோரோஜெனிக் அமிலத்தை இழக்கிறது? சாரம் எடுத்த சக்கை எருவாகும்போது மண்ணுக்கு எவ்வளவு பொட்டாசியம் திரும்புகிறது? சாரத்தைச் சேர்த்த பூச்சும் சேர்க்காத பூச்சும் மறைமுகச் சோதனையில், இந்தியத் தோல் நிறங்களில், எவ்வாறு வேறுபடுகின்றன? ஒரு கிலோ உலர்சதைக்கு என்ன விலை கொடுத்தால் ஓர் ஓடை காப்பாற்றப்படும்? கடைசி வினா வேதியியல் துறைக்கு மட்டும் உரியதன்று. பொருளியலும் சமூகவியலும் சேர்ந்தாலன்றி அதற்கு விடையில்லை.

மொழித்துறைக்கும் இதில் பங்குண்டு. தமிழில் இப்பொருளைக் குறிக்கக் 'கழிவு', 'எச்சம்', 'சக்கை', 'தொலி', 'சதை', 'துணைப்பொருள்' எனப் பல சொற்கள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. 'கழிவு' என்றால் அகற்றும் செலவு தோட்டத்தாருடையது. 'துணைப்பொருள்' என்றால் அதற்கு விலையும் உண்டு, உரிமையாளரும் உண்டு. ஒப்பந்தத்தில் எந்தச் சொல் எழுதப்படுகிறதோ அதைப் பொறுத்தே பணம் எத்திசையில் செல்லும் என்பது முடிவாகிறது. ஆலை வாங்கும்போது 'கழிவு' என்றும் டப்பாவில் விற்கும்போது 'அரிய பழச் சாரம்' என்றும் எழுதுவது ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இடுவதாகும். இரண்டு பெயர்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இலாபம். வாங்குமிடத்திலும் விற்குமிடத்திலும் அதற்கு ஒரே பெயர் இருக்கட்டும்: காப்பிப் பழம்.